படமும் பிரமாணமே

ஒரு பாசுரத்துக்குப் பலவாறு பொருள் கூறப்பட்டுவரும் இடங்களில், இது ஆளவந்தார் நிர்வாஹம், இது எம்பெருமானார் நிர்வாஹம், இது பட்டர் நிர்வாஹம் என்று பெயர் சுட்டியே எழுதுவது பூருவாசாரியர்களின் வழக்கம். நம்பிள்ளை அருளிச்செய்தவற்றை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படியைக் கற்றவர் இதனை நன்கு அறிவர். சொல்லுக்கு இத்துணை நேர்மை காட்டிய ஸம்ப்ரதாயத்தைப் பற்றி எழுதும் இக்காலக் கட்டுரைகள் பலவற்றில், படமும் அட்டவணையும் மட்டும் ஊர்பேரின்றி வந்து நிற்கின்றன. "பழைய சிற்பம்", "கோயில் ஓவியம்" என்ற இரண்டு சொற்களோடு குறிப்பு முடிந்துவிடுகிறது.

இதனால் விளையும் கேட்டைக் காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலத்துக்குச் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டிலிருந்து மண்டகப்பட்டுக் குடைவரை எளிதில் சென்று காணத்தக்கதே. செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த ஆலயம் அது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் முதலாம் மகேந்திரவர்மன். ஆனால் இன்று அங்குள்ள மூன்று கருவறைகளும் வெறுமையாகவே உள்ளன. அவற்றுள் ஒன்றின் ஒளிப்படத்தை இட்டு "மகேந்திரன் எடுத்த திருமால் கோயில்" என்று எழுதினால், படம் காட்டாததைப் படத்தின்மேல் ஏற்றியதாகும். திருமாலின் பெயரைத் தருவது கல்வெட்டு. படம் தருவது வெற்றறை. இரண்டையும் தனித்தனியே சுட்டினால்தான் கண்டது எது, ஊகித்தது எது என்பது விளங்கும்.

காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்தின் நிலை இன்னும் நுட்பமானது. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த அத்தலத்தின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளது. அவற்றை ஆராய்ந்த சி. மீனாட்சியின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1941இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. மணற்கல்லாதலின் அச்சிற்பங்கள் நாளடைவில் தேய்ந்து வருகின்றன. எனவே, அந்நூலிலுள்ள படத்தை எடுத்தாள்பவர் அந்நூலைச் சொல்லாமல் விட்டால், அன்றைய நிலையை இன்றைய நிலையாகக் காட்டிய பிழையும் சேர்கிறது. எந்தச் சுவர், எத்தனையாம் வரிசை, எந்த ஆண்டில் எடுத்த படம் என்று குறித்தாலன்றிப் பாசுரத்தையும் சிற்பத்தையும் ஒப்பிட்டு எழுதும் வாதம் எதையும் மற்றொருவர் சோதிக்க இயலாது.

அட்டவணையில் ஆபத்து இன்னும் பெரிது. திவ்யப்பிரபந்தத்தில் இரு திருமடல்களும் இராமானுச நூற்றந்தாதியும் நீங்கலாக உள்ளவை 3774. வேதாந்த தேசிகன் பிரபந்தசாரத்தில் சிறிய திருமடலை 40, பெரிய திருமடலை 78 என்று கொண்டு, நூற்றந்தாதி 108ஐயும் சேர்த்து நாலாயிரமாக்குகிறார். மடல்களை 77½, 148½ என்று கொள்ளும் மற்றொரு கணக்கு, நூற்றந்தாதியைச் சேர்க்காமலே நாலாயிரம் காட்டுகிறது. இரண்டும் தத்தம் அளவில் சரியானவை. முதற்கணக்கில் நூற்றந்தாதியையும் இரண்டாம் கணக்கில் மடல்களையும் எடுத்து ஒரே அட்டவணையாக்கினால் 4108 வரும். மாற்றி எடுத்தால் 3892தான் வரும். யாருடைய கணக்கு என்று தலைப்பின்கீழ் ஒரு வரி எழுதியிருந்தால் இக்குழப்பம் நேராது.

திருவுருவப் படத்துக்கு உரிமையாளரைத் தேடுவது பக்திக்கு ஒவ்வுமா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லத்துப் பூசையில் வைத்த படத்திடம் யாரும் முகவரி கேட்பதில்லை. அங்கே அது ஸேவைக்குரியது. கட்டுரையில் அதே படம் ஒரு கூற்றை நிறுவ வந்த சாட்சி. சாட்சி இன்னார் என்று சொல்லியே ஆக வேண்டும். மூலவரைப் படமெடுக்கக் கூடாத தலத்துக்கு வேறு தலத்துச் சயனத் திருக்கோலத்தை இட்டு நிரப்புவதைவிட, படம் இடாமல் விடுவதே அத்தலத்து எம்பெருமானுக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே படத்துக்கு வரிசை எண், தலம், இருக்குமிடம், எடுத்தவர், ஆண்டு, எடுத்தாண்ட நூலும் பக்கமும் வேண்டும். ஓவியத்துக்கு வரைந்தவரும் அது இன்று இருக்குமிடமும் வேண்டும். அட்டவணைக்குக் கணக்கின் மூலமும், மாற்றியிருந்தால் மாற்றமும் வேண்டும். இவை மேனாட்டாரிடம் கடன் வாங்கிய சடங்குகள் அல்ல. பட்டர் நிர்வாஹத்தைப் பட்டருடையது என்றே எழுதிவைத்தவர்களின் வழி இது.