களியக்காவிளை தாண்டிய பாம்பு

'அவியல்' என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு அடைக்குத் தொட்டுக்கொள்வதுதான் ஞாபகம் வரும். தப்பில்லை. எங்கள் மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் பந்தியில் அது இல்லாவிட்டால் சம்பந்தி முகம் தூக்கிக்கொள்வார். ஆனால் நான் சொல்ல வந்தது காதால் சாப்பிடுகிற அவியல். இங்கிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில், திருவனந்தபுரத்தில் 2003-ல் இந்தப் பெயரில் ஒரு ராக் குழு கிளம்பியது. 2008-ல் முதல் முழு ஆல்பம். அதற்கும் பெயர் 'அவியல்'தான். எட்டுப் பாட்டு. அத்தனையும் மலையாளம்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கேரளத்துக்கு ராக் புதிதல்ல. கொச்சியின் '13 ஏ.டி.' அந்தக் காலத்திலேயே பிரபலம். பிறகு 'மதர்ஜேன்' வந்தது. ஆனால், இரண்டு குழுவும் பாடியது ஆங்கிலத்தில். ராக் சாமிக்கு இங்கிலீஷில்தான் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று ஓர் ஐதீகம் இருந்தது. 'அவியல்' பையன்கள் அதை உடைத்தார்கள்.

கிடாரின் ஒலியை ஆம்ப்ளிஃபயர் தாங்குகிற அளவுக்கு மேல் ஏற்றினால், சுத்தமான நாதம் கிழிந்து கரகரக்கும். அந்தக் கரகரப்புதான் கனத்த ராக்கின் உப்பு. அதன் மேல் ஏறி நின்று பாட, மொழியிலும் கொஞ்சம் முரடு வேண்டும். மலையாளத்தின் 'ட்ட'வும் 'ற்ற'வும் ட்ரம்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ட்ரம்ஸ் போல அடிக்கின்றன. 'கருகரா' பாட்டைக் கேளுங்கள். காவாலம் நாராயண பணிக்கர் எழுதியது. அரவிந்தனின் 'கும்மாட்டி' படத்தில் 1979-லேயே வந்தது. அங்கே கிராமத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. இங்கே ரெக்ஸ் விஜயனின் கிடார் உள்ளே நுழைந்ததும் வானம் நிஜமாகவே கறுக்கிறது. வார்த்தையில் இருந்த மேகத்தை ஒலியில் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனாலும், என்னை உலுக்கியது 'ஆடு பாம்பே'. ஸ்ரீநாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு' அது. ஆடுவது புற்றுப் பாம்பல்ல, நமக்குள் சுருண்டு கிடக்கிற பாம்பு. தலைப்பைக் கேட்டதும் உங்களுக்குப் பாம்பாட்டிச் சித்தர் ஞாபகம் வந்திருப்பார். வர வேண்டும். குரு தமிழ் படித்தவர், தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியவர். அவர் தவம் செய்த மருத்துவாழ் மலை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆக, தமிழ்ச் சித்தரின் பாம்பு மலையாளத்துக்குப் போய், நூறு வருஷம் கழித்து எலெக்ட்ரிக் கிடாரைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. களியக்காவிளை செக்போஸ்ட்டில் யாரும் அதை நிறுத்தவில்லை.

பி.காம். புத்தி பற்று - வரவு எழுதாமல் விடாது. வரவு சொல்லியாச்சு. பற்றிலும் ஒன்று உண்டு. அவியலின் இலக்கணம் என்ன? முருங்கைக்காய் முருங்கைக்காயாகவும் சேனை சேனையாகவும் இருக்க வேண்டும். குழைந்தால் அது கூட்டு. இந்த ஆல்பம் சில இடங்களில் கூட்டாகிவிடுகிறது. சத்தத்தின் மேல் சத்தம் அடுக்கியதில் டோனி ஜானின் குரல் அடியில் போய்விடுகிறது. நல்ல வரிகள், காதில் விழ வேண்டாமா? ரகளையைக் கொஞ்சம் குறைத்திருந்தால், பாதிப் பாட்டுகள் இன்னும் உயரே போயிருக்கும்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? 1956 நவம்பர் 1-ம் தேதி எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். நிலத்தில் கோடு போட்டார்கள். நாக்கில் போட முடியவில்லை. எங்கள் ஆள் சென்னையில் வாயைத் திறந்தால் ''மலையாளியா?'' என்பார்கள். திருவனந்தபுரத்தில் ''பாண்டி'' என்பார்கள். அதனால் எங்கள் பிள்ளைகள் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே பேச்சை இஸ்திரி போட்டு எடுத்துப் போகிறார்கள். தண்ணீரை 'வெள்ளம்' என்று சொல்லக் கூச்சம். 'ஆக்கும்' வந்துவிடுமோ என்று பயம்.

இத்தனைக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார் வாசிக்கிற பையன்களுக்கு மார்த்தாண்டத்தில் பஞ்சமே இல்லை. ட்ரம்ஸ் அடிக்கவும் ஆள் உண்டு. சொந்தப் பாட்டு எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனாவில் சினிமாத் தமிழ் வருகிறது, இல்லாவிட்டால் இங்கிலீஷ் வருகிறது. மக்கா, பாட்டி பேசின பேச்சு எங்கே போச்சு? 'அவியல்'காரர்கள் அமெரிக்காவில் போய் வார்த்தை தேடவில்லை. வீட்டுத் திண்ணையில் கிடந்ததை எடுத்து, துடைக்காமல், அழுக்கோடு மைக்கின் முன்னால் வைத்தார்கள். அந்தத் தைரியம்தான் இந்த ஆல்பத்தின் அசல். கிடார் எல்லாம் வட்டி.

எட்டுப் பாட்டையும் கேட்டுப் பாருங்கள். முதலில் 'ஆடு பாம்பே'. மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எவ்வளவு புரிந்தது என்று அப்புறம் சொல்லுங்கள். மார்த்தாண்டத்துக்காரர்களிடம் மட்டும் நான் இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை.