கப்பலில் ஏறிப் பார்த்த டிக்கன்ஸ்

சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்களைப் படித்தவர்கள் நம்மில் அநேகர். அவருடைய கட்டுரைகளைப் படித்தவர்கள் வெகு சிலர்தான். 1863-ம் வருஷம் ஜூலையில் தம் வாரப் பத்திரிகையில் அவர் எழுதி, பிறகு 'தி அன்கமர்ஷியல் டிராவலர்' என்ற தொகுதியில் சேர்ந்த ஒரு கட்டுரையை நான் எப்போதும் சிபாரிசு செய்வதுண்டு.

லண்டன் துறைமுகத்தில் 'அமேஸான்' என்ற கப்பல் அமெரிக்காவுக்குப் புறப்படத் தயாராக நிற்கிறது. அதில் சுமார் 800 மார்மன்கள். 1830-ல் நியூயார்க் மாகாணத்தில் ஜோஸப் ஸ்மித் ஆரம்பித்த சபை அவர்களுடையது. 1844-ல் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. 1847-ல் பிரிகம் யங் என்பவர், துரத்தப்பட்ட ஜனங்களை யூட்டாவின் உப்பு ஏரிப் பக்கம் அழைத்துப் போனார். எந்த தேசத்தில் புதிதாகச் சேர்ந்தாலும் அங்கே வந்து கூடவேண்டும் என்பது அன்றைய போதனை.

இவர்களுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லும் உத்தேசத்தோடுதான் டிக்கன்ஸ் கப்பலில் ஏறினார். குடியும் கூச்சலும் அழுகையும் இருக்கும் என்று பார்த்தால், எதுவுமே இல்லை. மூலைக்கு மூலை உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார்கள். குடும்பம் குடும்பமாக, டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அதிகாரியைச் சாந்தமாகக் கடந்து போகிறார்கள். எதிர்பார்த்தது வேறு, கண்டது வேறு என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார். முன்முடிவோடு போன எழுத்தாளன் கண்ணால் கண்டதற்கு இடம் கொடுப்பது சாமானிய காரியமல்ல.

ஆனால் கட்டுரையில் ஒரு குறை உண்டு. அந்த ஒழுங்கை ஜனங்களின் நல்ல குணமாகவே டிக்கன்ஸ் காண்கிறார். அதன் பின்னால் இருந்த ஏற்பாட்டை அவர் போதிய அளவு ஆராயவில்லை. 1849-லேயே சபை ஒரு நிதி திரட்டியிருந்தது. ஏழைகள் அதில் கடன் வாங்கிப் பிரயாணம் செய்து, போய்ச் சேர்ந்த பிறகு உழைத்துத் திருப்பவேண்டும். அந்தப் பணத்தில் அடுத்தவர் வருவார். 1861 முதல் யூட்டாவிலிருந்து மாட்டு வண்டிகள் மிஸௌரி நதி வரை வந்து, புதியவர்களை அழைத்துப் போயின. இந்த ஏற்பாடும் தவறாமல் நடந்ததல்ல. 1856-ல் கைவண்டி இழுத்துக்கொண்டு காலம் தாழ்த்திப் புறப்பட்ட இரண்டு கூட்டங்கள் பனியில் சிக்கின; 200 பேருக்கு மேல் மாண்டார்கள். மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்ற வந்தவையும் யூட்டாவின் வண்டிகளே.

இன்னொன்று. பலதார மணத்தைப் பற்றி இவர்களுக்குத் தெளிவான எண்ணம் இருந்திருக்கும் என்று தாம் நம்பவில்லை என்கிறார் டிக்கன்ஸ். சபை அதை 1852-லேயே பகிரங்கமாக அறிவித்திருந்தது. கைவிடுவதாக அறிவித்தது 1890-ல்தான். கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமாவது அதைப் பற்றிக் கேட்டுவிட்டு அவர் எழுதியிருக்கலாம். கண்ணை நம்பியவர் காதுக்கு வேலை கொடுக்கவில்லை.

கப்பல் யாத்திரை அந்த நூற்றாண்டோடு ஏறக்குறைய முடிந்தது. நிதியை அமெரிக்கக் காங்கிரஸ் 1887-ல் சட்டம் போட்டுக் கலைத்தது. பிற்பாடு, அவரவர் தேசத்திலேயே இருங்கள் என்று சபையே சொல்லத் தொடங்கியது. இன்று அங்கத்தினர் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார்கள். ஓர் இடத்தில் கூடிய ஜனங்களை இன்று ஒரே ஏற்பாடு கூட்டுகிறது. உள்ளூர் சபைத் தலைவருக்குச் சம்பளம் கிடையாது. தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே சில வருஷம் அந்தப் பொறுப்பைச் சுமக்கிறார். சிறுவர் வகுப்பு நடத்துவது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது என்று மற்றவர்களுக்கும் வேலை உண்டு. மாதம் ஒரு நாள் பட்டினி இருந்து, மிச்சமான சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். புது ஊருக்குக் குடிபோனாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையே அதே பாடம், அதே வேலை, தெரிந்த முறை.

நம்பிக்கையைவிட இந்த வேலைப் பங்கீடுதான் மனிதர்களை அதிகம் கட்டிப்போடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னிடம் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று அறிந்தவன் லேசில் எழுந்து போகமாட்டான். அப்படியும் நம்பிக்கை இழந்து ஒருவன் வெளியேறினால், மதத்தோடு உற்றார், அயலார், ஞாயிற்றுக்கிழமை எல்லாமே அவன் கையை விட்டுப் போகக்கூடும்.

உப்பு ஏரிக் கரையில் அந்த ஏழைகளுக்கு என்ன காத்திருக்கிறதோ, தம்மால் சொல்ல முடியாது என்று டிக்கன்ஸ் ஒதுங்கிக்கொண்டார். பத்திரிகைக் கட்டுரைக்கு அது போதும். கரை இறங்கிய பிறகு அவர்களில் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று பின்தொடர்ந்திருந்தால் அவருக்கு ஒரு நல்ல நாவல் கிடைத்திருக்கும்.