கள்ளுண்ணாமையின் பத்தாம் குறள்

கள்ளுண்ணாமையைப் பற்றிப் பிரசங்கம் கேளாத தமிழர் நம் தோட்டப்புறங்களில் ஒருவரேனும் உளரோ என்பது ஐயமே. கோயில் திருவிழாவாயினும் சங்கத்து ஆண்டு விழாவாயினும், மேடையேறுபவர் குறளின் 93-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு குடிப்பவரை வைது இறங்குவது வழக்கம். கைதட்டுபவர் பெரும்பாலும் குடியாதவர். குடிப்பவர் அங்கே இருந்தாலும் பின்வரிசையில் தலைகுனிந்து நிற்பர். இப் பிரசங்கங்களால் விளைந்த பயன் யாது என்பதை அவ்வதிகாரத்தையே கொண்டு ஆராய விரும்புகிறோம்.

ஆராய்ச்சிக்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள பிரிஞ்சாங்கில், தேயிலைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவர் நாம். சம்பளம் போட்ட மறுநாள் பெரட்டுக்கு யார் யார் வரவில்லை என்பதை நம் பேரேடு அறியும். அங்ஙனம் பலமுறை நம் கையால் குறிக்கப்பெற்ற ஒருவர், ஒருநாள் மாலை ஆபீசு சன்னலருகே வந்து, "ஐயா, குடிய விட்டவங்க ஒண்ணாக் கூடிப் பேசுற இடம் இருக்காமே, எங்கேன்னு விசாரிச்சுச் சொல்லுவீங்களா?" என்றார். புத்தி சொல்ல ஆயத்தமாயிருந்த நமக்கு வெட்கமாகிவிட்டது. அவர் புத்தி கேட்கவில்லை, துணை கேட்டார்.

அன்றிரவு அவ்வதிகாரத்தை மீண்டும் படித்தோம். முதலில் வருவன நாணத்தின் குரல்கள்: குடிப்பவனைப் பெற்ற தாயும் பொறாள், நாண் என்னும் நல்லாள் அவனுக்கு முதுகு காட்டுவாள், ஊரார் நகுவர். ஒன்பதாம் குறளிலோ வள்ளுவர் தாமே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். குடித்துக் களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரில் மூழ்கினவனைத் தீவிளக்கேந்தித் தேடுவதை ஒக்கும் என்பது அதன் கருத்து. பிரசங்கிகள் இக்குறளைக் குடிப்பவன்மேல் ஏவுகின்றனர். நம் அபிப்பிராயத்தில் இஃது அவர்கள் கையிலுள்ள விளக்கைப் பற்றியது!

அப்படியாயின் வழி என்ன? பத்தாம் குறள் கூறுகிறது. தான் குடியாத வேளையில், குடித்த இன்னொருவனைக் காணும்போது, தன் சோர்வை ஒருவன் நினைந்து பாரானோ என்று வள்ளுவர் வினவுகிறார். குடிப்பவனுக்குக் கண்ணாடி குடிப்பவனே. ஆசானும் அல்லன், அதிகாரியும் அல்லன். மேடைகளில் அதிகம் கேளாத குறள் இதுவே.

இவ்வினாவுக்கு விடைபோன்ற நிகழ்ச்சியொன்று 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிகழ்ந்தது. பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியாபாரத்தில் தோல்வியுற்று ஓட்டலில் நின்றவரை மதுக்கூடம் அழைத்தது. அவர் தொலைபேசியில் பாதிரிமாரை அழைத்து, தம்மோடு பேச ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அவ்வழியே கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் வைத்தியர். அவர் குடியை அறவே விட்ட நாளாகக் கருதப்படும் ஜூன் 10-ஐயே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் பெயரறியாச் சங்கத்தின் தொடக்க நாளாகக் கொள்கின்றனர். 1939-இல் அவர்கள் நூலும் வெளிவந்தது. அங்கே ஊரும் குலமும் கேளார், கட்டணம் இல்லை, குடியை விட விருப்பம் ஒன்றே தகுதி. ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்வரேயன்றிப் பிறரைத் திருத்தப் புகார்.

வள்ளுவர் காட்டியது வீழ்ந்தவனின் முகம். இவர்கள் காட்டுவது எழுந்தவனின் முகம். இவ்வேற்றுமை பெரிது. நாணம் ஒருவனைச் சன்னல்வரை கொண்டுவரலாம். அதுவே அவனை ஒளிந்தோடவும் செய்யும். பெயர் கேளா முறை அந்நாணத்துக்கு மருந்தாகிறது. இது வெறும் புகழ்ச்சியன்று. 2020-இல் கொக்ரேன் ஆராய்ச்சியாளர் 10,565 பேரை உட்கொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து, குடியை முற்றும் விட்டிருப்பதற்கு இம்முறை பிற சிகிச்சைகளுக்கு நிகராகவோ மேலாகவோ பயன்படுகிறது என்று கண்டனர்.

நம் பிற்கால இலக்கியமும் இவ்வழியில் அதிகம் நடக்கவில்லை. இராஜாஜி மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்னும் பத்திரிகை நடத்தினார். 1974-இல் திரைப்படமும் ஆன அவருடைய 'திக்கற்ற பார்வதி' குடியால் ஒரு குடும்பம் அழிவதை உருக்கமாய்க் காட்டுகிறது. அழிவைக் கண்டு அழுகிறோம். மீளும் வழியை அறிகிறோமில்லை. மலாயாவிலும் 1947-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. அவ்வீரம் போற்றத்தக்கது. ஆயினும் கள்ளுக்கடை போன இடத்தில் சம்சு வந்தது. கடையின் கதவை அடைப்பது ஒரு வேலை; குடித்தவனுக்கு ஒரு கதவைத் திறப்பது மற்றொரு வேலை.

நம் நண்பருக்காக விசாரித்து, மலையடிவாரத்து நகரமொன்றில் கூட்டம் கூடுவதை அறிந்தோம். நெடுநாள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய அபாயம் உண்டாதலின், முதலில் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். பிறகு கூட்டத்துக்கு உடன்போய் வாசலில் நின்றுகொண்டோம். உள்ளே போவது அவருடைய உரிமை, நம்முடையதன்று. திரும்பும் வழியில் அவர், "தமிழ்ல பேச ஆள் இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்ங்க" என்றார்.

தோழர்களே! ஆக்ரனில் முதற் கூட்டத்துக்கு இருந்தவர் இருவரே. நம் தோட்டத்து வாசகசாலையில் இரண்டு நாற்காலிகள் இல்லையா? அடுத்த ஆண்டு விழாவில் ஒரு பிரசங்கத்தைக் குறைத்து, குடியை விட்ட ஒருவர் விட விரும்பும் ஒருவரோடு தமிழில் பேச அவ்வறையின் சாவியைக் கொடுங்கள். பத்தாம் குறளுக்கு அதனினும் சிறந்த உரை வேறில்லை.