பெயர் மறைக்கும் கட்டடம்: ஹம்பியின் ‘அரசியார் குளியலகம்’

விஜயநகரத் தலைநகரின் இடிபாடுகளைக் காண ஹம்பிக்குச் செல்வோர், அரண்மனை வளாகத்தின் அருகே ஒரு சதுரக் கட்டடத்தின்முன் நிறுத்தப்படுகின்றனர். ‘அரசியார் குளியலகம்’ என்பது அதன் பெயர். வெளிச்சுவர் எவ்வித அலங்காரமுமின்றி வெறுமையாக நிற்கின்றது. சுற்றிலும் அகழி. உள்ளே நுழைந்ததும் காட்சி முற்றிலும் மாறுகின்றது: வளைவுகள் தாங்கும் தாழ்வாரம், சுதைவேலை நிறைந்த விதானங்கள், நீரை நோக்கி நீளும் மாடங்கள், நடுவே வானம் பார்த்த குளம். குளம் ஏறத்தாழ 15 மீட்டர் சதுரம், ஆழம் 1.8 மீட்டர். இன்று அது வறண்டு கிடக்கின்றது.

இங்கு அரசியர் நீராடினர் என்பதற்குக் கட்டடத்தில் சான்றேதும் இல்லை. பெயர் பிற்காலத்தார் இட்டது. எனினும் அப்பெயரை நம்பியே நானும் பல ஆண்டுகள் மாணவர்க்குப் படங்காட்டிப் பாடம் நடத்தினேன். “அரசியர்தாம் குளித்தனர் என்று எப்படித் தெரியும், ஐயா?” என ஒரு மாணவி வினவியபோது என்னிடம் விடையில்லை. மறுமுறை ஹம்பிக்குச் சென்றது அவ்வினாவைச் சுமந்துகொண்டுதான்.

பெயர் செய்யும் தீங்கு யாதெனின், அது நம் வினாவைத் திசைதிருப்பிவிடுகின்றது. யார் குளித்தார் எனக் கற்பனை செய்யும் நம் பயணக் கட்டுரையாளர்கள் (அக்கற்பனையில் சந்தனமும் சிலம்பொலியும் தவறுவதில்லை) அவ்வளைவுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை. அவை தக்காணச் சுல்தான்களின் கட்டடக்கலையோடு உறவுடையவை. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் இந்நகரை வீழ்த்தியவர்களும் அச்சுல்தான்களே. பகைவரின் கலைமொழியை விஜயநகர அரசவை விரும்பி ஏற்றிருந்தது. அவ்வரசர்கள் தம்மை ‘இந்து மன்னருள் சுல்தான்’ எனக் கல்வெட்டுகளில் அழைத்துக்கொண்டதை பிலிப் வாகனர் 1996-இல் எழுதிய கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இருமுனைப் பகையாக மட்டும் இவ்வரலாற்றைச் சொல்லும் நூல்கள் இக்கட்டடத்தின் முன் தடுமாறுகின்றன. அதனால்தான் போலும், ‘அரசியார்’ என்னும் பெயர் அவற்றுக்கு வசதியாக இருக்கின்றது.

வளாகத்தினுள் மற்றொரு நீர்நிலையும் உண்டு. 1980-களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அப்படிக்குளத்திற்கு எந்த அரசியின் பெயரும் இல்லை. பயணிகளும் அங்கு நெடுநேரம் நிற்பதில்லை. ஆனால் அதன் கருங்கற்களில், எந்தக் கல் எந்தத் திசையில், எந்த வரிசையில் அமைய வேண்டும் என்று கல்தச்சர்கள் பொறித்த குறிகள் இன்றும் தெளிவாக உள்ளன.