நிபந்தனை வாக்கியமும் உடல்நலப் பாடமும்: ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

கட்டிளமைப் பருவத்தினர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களிலே நிபந்தனை வாக்கியங்கள் உடல்நலம், உடற்பயிற்சி ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு பயிற்றப்படுவதை அடிக்கடி காண்கின்றோம். இவ்விணைப்புத் தற்செயலானதன்று. அறிவுரை கூறுதல், எச்சரித்தல், விளைவை முன்னுரைத்தல் என்பன உடல்நலம் பற்றிய பேச்சின் இயல்புகள். அவை யாவும் நிபந்தனை வடிவத்தை நாடுவன. இலங்கைப் பாடசாலைகளிலே சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு பாடமாகவும் அமைந்திருத்தலின், பொருள் மாணவர்க்குப் புதிதன்று. மொழிவடிவத்திலே கருத்தைச் செலுத்த அஃது இடந்தருகின்றது. இந்நன்மைகளை நாம் மறுக்கவில்லை. எனினும், இவ்விணைப்பு வகுப்பறையிற் கையாளப்படும் முறை மீள்நோக்குக்கு உரியதென்பதே நமது கருத்து.

பாடநூல்கள் நிபந்தனை வாக்கியங்களை நால்வகைப்படுத்துவது வழக்கம். என்றும் உண்மையானதைக் கூறுவது பூச்சிய வகை. நடக்கக்கூடியதைக் கூறுவது முதலாம் வகை. நடைபெறாதெனக் கருதுவதைக் கற்பனையாகக் கூறுவது இரண்டாம் வகை. நடந்திருக்க வேண்டியது நடவாது போனதைக் கூறுவது மூன்றாம் வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்பாடு உண்டு. மாணவன் வாய்பாட்டை மனனஞ்செய்து, இடைவெளிகளை நிரப்புகின்றான். இங்கு மறக்கப்படுவது ஒன்றுண்டு. எவ்வகையைத் தெரிவது என்பது வடிவம் பற்றிய வினா மட்டுமன்று. உலகைப் பற்றிப் பேசுவோன் செய்யும் ஒரு தீர்ப்புமாகும். அத்தீர்ப்பை ஆசிரியரோ நூலோ முன்னரே செய்துவிட்டால், மாணவனுக்கு எஞ்சுவது வினைவிகற்பம் மட்டுமே.

உடல்நலப் பொருளிலே இக்குறை தெளிவாக வெளிப்படுகின்றது. புகைத்தால் புற்றுநோய் வரும் என்னும் கூற்றைப் பூச்சிய வகைக்கு எடுத்துக்காட்டாகத் தருவதாகக் கொள்வோம். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டோல், பிராட்ஃபோட் ஹில் ஆகிய ஆய்வாளர் 1950 இல் வெளியிட்ட ஆய்வு வலுவாக எடுத்துக்காட்டியது. ஆயின், அத்தகைய ஆய்வுகள் காட்டுவது ஆபத்து மிகுதலையேயன்றி, புகைக்கும் ஒவ்வொருவருக்கும் நோய் உறுதியாக வருதலையன்று. நீர் கொதித்தால் ஆவியாகும் என்பதும் இதுவும் ஒரே வகையின அல்ல. முன்னதற்குரிய வடிவிற் பின்னதைக் கூறும் மாணவன், புகைத்தும் நெடுநாள் வாழ்ந்த உறவினர் ஒருவரைக் கண்டதும் பாடத்தையே ஐயுறுவான். 'மே', 'மைற்' போன்ற துணைவினைகளே இவ்வுண்மையைச் சரியாக உணர்த்தவல்லன. நால்வகை வாய்பாடோ அவற்றை ஓரத்திலே ஒதுக்கிவிடுகின்றது.

இனி, தமிழ் மாணவர் நிலையை நோக்குவோம். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாகச் 'செயின்' என்பதைக் கூறினார். இன்றைய வழக்கில் அதன் இடத்தைச் 'செய்தால்' என்பது பெற்றுள்ளது. இது இறந்தகால அடியின்மேல் 'ஆல்' சேர்ந்து அமைவது. 'நாளை மழை பெய்தால்' என்று நாம் இயல்பாகவே கூறுகின்றோம். வடிவம் இறந்தகாலத்தது, பொருளோ எதிர்காலத்தது. ஆங்கிலத்தின் இரண்டாம் வகையில் இறந்தகால வினை வருவதை வியப்புக்குரிய விலக்காக விளக்கும் ஆசிரியர், மாணவரின் தாய்மொழியிலேயே இதற்கு ஒப்புமை இருப்பதைப் பயன்படுத்தலாம்.

எனினும் ஒப்புமை முழுமையானதன்று. 'நாள்தோறும் நடந்தால் உடல் நலம் பெறும்' என்னும் தமிழ் வாக்கியம் பொதுவுண்மையாகவும், நடக்கக்கூடியதாகவும், வெறுங் கற்பனையாகவும் கொள்ளத்தக்கது. சூழலே பொருளைத் தெளிவிக்கும். ஆங்கிலத்தின் முதல் மூன்று வகைகளும் தமிழிலே பெரும்பாலும் ஒரே வடிவில் அடங்குகின்றன. 'நடந்திருந்தால் நலம் பெற்றிருக்கும்' என்னும் நான்காவதே தனிவடிவம் உடையது. எனவே, கடினமானதென இறுதியில் வைக்கப்படும் மூன்றாம் வகை கருத்தளவில் தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. உண்மையான இடர்ப்பாடு முதலாம் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையில், அதாவது 'வில்', 'வுட்' என்பவற்றின் தெரிவில் உள்ளது. நேரம் அதிகமாக ஒதுக்கப்பட வேண்டிய இடமும் அதுவே.

இத்தெரிவு மாணவனின் வாழ்வைத் தொடுவது. நாள்தோறும் பழம் உண்பது ஒருவனுக்கு நடக்கக்கூடிய நிபந்தனை; மற்றொருவனுக்கு அது கற்பனை. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலைகள் முன்னைய ஆண்டினதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. மாலையில் விளையாட்டிடம் செல்ல வீட்டார் இசையாத மாணவிக்கும், நடக்க இயலாத மாணவனுக்கும் 'நான் ஓடினால்' என்பது ஒரே பொருளைத் தருவதன்று. இத்தகையோரிடம் முதலாம் வகையை மட்டும் வேண்டுவது அவர்தம் நிலையை மறுப்பதாகும். மூன்றாம் வகையைத் தம் உடலைப் பற்றியே எழுதச் சொல்வது, தம்மைத் தாமே குற்றஞ்சாட்டுமாறு பணிப்பதாகவும் முடியலாம்.

ஆகவே உடல்நலப் பொருளைக் கைவிட வேண்டும் என்பதா? அன்று. அதன் பயனை முழுமையாகப் பெறவேண்டும் என்பதே நாம் வேண்டுவது. இலங்கையில் 2016 முதல் மென்பானங்களின் சீனியளவு நிறக்குறியால் உணர்த்தப்பட்டு வந்துள்ளது. சிவப்பாயின் சீனி மிகுதி என்பது விதி. இதற்குப் பூச்சிய வகை பொருந்தும். 5 முதல் 17 வயது வரையானோர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது. இதனை ஒரு கற்பனை மாந்தனின் நாட்குறிப்போடு வகுப்பில் வைத்து, அவன் அதனை நிறைவேற்றுவது கூடுமா, அரிதா என மாணவர் வாதிடட்டும். கூடும் என்போர் 'வில்' என்பதையும், அரிது என்போர் 'வுட்' என்பதையும் தெரிந்து காரணங் கூறட்டும். விடை இரண்டாயினும் காரணம் பொருந்தின் இரண்டும் சரியே. தன் உடலைப் பற்றிப் பேச விரும்பும் மாணவன் பேசலாம், விரும்பாதவனை வற்புறுத்தலாகாது.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை நோக்கி விரையும் வகுப்பில் இதற்கு நேரமேது என்னும் வினா எழலாம். அது நியாயமான வினாவே. ஆயினும் இரு வடிவங்களையும் பிழையின்றி எழுதக்கூடிய மாணவன், எது எப்போது வேண்டும் என அறியாதிருப்பின், அப்பயிற்சி பரீட்சை மண்டபத்துக்கு வெளியே அவனுக்கு உதவாது. பத்து இடைவெளிகளை நிரப்பும் நேரத்தில் இரண்டு வாக்கியங்களைத் தெரிந்து காரணங் கூறவும் இயலும். ஆசிரியர்கள் இம்மாற்றத்தை ஒரு பாடவேளையிலேனும் மேற்கொண்டு, அதன் பயனை மதிப்பிடுவது விரும்பத்தக்கது.