எண்ணின் முகம் அறிந்தவர்

7.2123414189… இந்த எண்ணைப் பார்த்தால் நம்மில் பலருக்கு ஒன்றும் தோன்றாது. ஆலாபனையில் இரண்டு பிடி விழுந்ததுமே ராகத்தைச் சொல்லிவிடுகிற ரசிகர்கள் உண்டல்லவா? எண்களிடம் அப்படிப் பழகியவர் டேவிட் பிராட்ஹர்ஸ்ட். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்து இயற்பியலர். அவருக்கு இந்த எண் ஜீட்டா மூன்றின் ஆறு மடங்கு.

ஜீட்டா மூன்று என்பது 1 + 1/8 + 1/27 + 1/64 என்று கனங்களின் தலைகீழிகளை முடிவில்லாமல் கூட்டினால் வருவது. கனங்களுக்குப் பதில் வர்க்கங்களை வைத்தால் விடை π²/6 என்று 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் காட்டிவிட்டார். கனங்களுக்கு அப்படியொரு விடை இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. அது விகிதமுறா எண் என்பதை நிறுவவே 1978இல் அப்பெரி வர வேண்டியிருந்தது. எண் கோட்பாட்டுக்காரர்களின் இந்தச் சொந்தச் சொத்துக்குத் துகள் இயற்பியலில் என்ன வேலை?

எலக்ட்ரானின் காந்த வலிமை டிராக் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதல். அதற்கான முதல் திருத்தத்தை 1948இல் ஷ்விங்கர் கண்டார்: α/2π. α என்பது மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் எண். அவருடைய கல்லறைக் கல்லிலேயே அதைப் பொறித்திருக்கிறார்கள். அடுத்த திருத்தத்துக்கு, துகள்களின் வினைகளைப் புள்ளியும் கோடுமாக வரைந்துகாட்டும் ஃபைன்மன் படங்கள் ஏழைக் கணக்கிட வேண்டும். 1957இல் பீட்டர்மனும் சாமர்ஃபீல்டும் தனித்தனியே சரியான விடையை எட்டியபோது, π², மடக்கை 2 ஆகியவற்றோடு ஜீட்டா மூன்றும் அதில் உட்கார்ந்திருந்தது.

இது தற்செயல்தானா என்று நின்று பார்த்ததில்தான் பிராட்ஹர்ஸ்டின் ரசனை இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட படங்களில் மிக எளிய ஒன்றை நாமே வரைந்து பார்க்கலாம். நான்கு புள்ளிகள், ஒவ்வொன்றையும் மற்ற மூன்றோடும் சேர்த்தால் ஆறு கோடுகள். அவற்றில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான்கு புள்ளிகளும் தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கோடுகளைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள். அதில் நான்கு வெறும் முக்கோணங்கள், ஒரு புள்ளியைத் தனியே விட்டுவிடும். மீதி 16. இந்த ஒவ்வொன்றிலும் விடுபட்ட மூன்று கோடுகளுக்குரிய மாறிகளைப் பெருக்கி, 16 பெருக்கல்களையும் கூட்டுகிறோம். கிடைக்கும் கோவையை வர்க்கமாக்கி, பகுதியில் வைத்துத் தொகையீடு செய்தால் முதலில் பார்த்த எண் வந்து நிற்கிறது.

இதுவரை நாம் செய்தது புள்ளியும் கோடும் எண்ணியதுதான். கனங்களை எங்கும் தொடவே இல்லை. ஆனாலும் ஜீட்டா மூன்று வருகிறது. இந்தப் படத்தை மூன்று ஆரக்கால் வைத்த சக்கரமாகவும் பார்க்கலாம். ஆரக்காலை நான்காக்கினால் விடை ஜீட்டா ஐந்தின் (கனங்களுக்குப் பதில் ஐந்தாம் அடுக்குகள்) 20 மடங்கு.

1990களின் நடுவில் டிர்க் கிரைமருடன் சேர்ந்து, ஏழு கண்ணிகள் (கோடுகள் மூடி உருவாகும் வளையங்கள்) கொண்ட படங்கள்வரை போனார் பிராட்ஹர்ஸ்ட். வேலை முறை இதுதான்: தொகையீட்டைத் தசமம் தசமமாக நீட்டிக் கணக்கிடுவது, பிறகு எந்தெந்த மாறிலிகளை எந்த முழு எண்ணால் பெருக்கிக் கூட்டினால் அது வரும் என்று கணினியைத் தேடச் சொல்வது. ஆறு கண்ணிகளில் ஜீட்டாவின் இரட்டைத் தொடர்கள் தலைகாட்டின. இப்படிக் கிடைப்பது நிரூபணம் ஆகாது என்பதை அவர் அறிவார். அவரும் கிரைமரும் ஊகித்த ஒரு வரிசையைப் பல ஆண்டுகள் கழித்துக் கணிதரான ஃபிரான்சிஸ் பிரவுனும் ஆலிவர் ஷ்னெட்ஸும் நிரூபித்தார்கள்.

எல்லாப் படங்களும் இந்த ஜீட்டாக் குடும்பத்துக்குள் அடங்கும் என்ற நம்பிக்கை வலுத்தது. அதற்குத் துணையாக 1997இல் கோன்ட்செவிச் முன்வைத்த ஊகம் தவறு என்று 2003இல் பெல்காலேயும் பிராஸ்னனும் காட்டினார்கள். பிறகு, எட்டுக் கண்ணிகள் கொண்ட ஒரு படத்துக்குள் கே3 என்ற வடிவியல் பரப்பு ஒளிந்திருப்பதைப் பிரவுனும் ஷ்னெட்ஸும் கண்டுபிடித்தார்கள். என்னைக் கேட்டால், இந்த முறிவுதான் முழுக் கதையிலும் அழகான இடம். ஒழுங்கு எதுவரை செல்லும் என்று தெரிந்த பிறகுதான், அது வெறும் பழக்கமல்ல, உள்ளே இருக்கும் வடிவியலின் விளைவு என்று புரிகிறது.

2017இல் இத்தாலியின் ஸ்தேஃபானோ லாபோர்த்தா, எலக்ட்ரானின் நான்காம் திருத்தத்துக்குரிய 891 படங்களையும் 1,100 இலக்கங்கள்வரை கணக்கிட்டு முடித்தார். ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் சுமார் ஒரு டஜன் இலக்கங்களுக்கு மேல் பயன்படாது. மீதி ஆயிரத்துச் சொச்சம், விடைக்குள் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று அடையாளம் காண்பதற்கு.