ஏடும் ஆட்டமும்: பேராதனைக் கூத்து முயற்சி பற்றிய ஒரு மதிப்பீடு

கண்டி மாநகருக்கு அணித்தாக, மகாவலிக் கரையிலே அமைந்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் நிகழ்ந்த கூத்து முயற்சி, ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் 1962இல் கர்ணன் போரும், 1963இல் நொண்டி நாடகமும், பின்னர் இராவணேசனும் வாலி வதையும் அரங்கேறின. வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பெற்ற மட்டக்களப்புக் கூத்து, நகரத்து மேடைக்கு ஏற்பச் சுருங்கிச் செறிவுற்றது.

இம்முயற்சி ஒருவர் கைப்பொருளன்று. கலைக்கழகத் தமிழ் நாடகக் குழு ஆதரவளித்தது. பல்கலைக்கழகம் மாணவரையும் ஆய்வறிவையும் தந்தது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்றோர் ஆட்டத்தையும் தாளத்தையும் தந்தனர். அவ்வாறு கூடிய அறிவு பின்னர் எங்கே தங்கிற்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஏட்டறிவு நிலைத்தது. அலங்கார ரூபன் நாடகம் 1962இலும், எண்டிரீக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும் வித்தியானந்தனின் பதிப்பாக அச்சேறின. ஆயின், அச்சுநூல் தருவின் சொல்லைக் காக்குமேயன்றி, ஆடுவோன் அடிவைக்கும் முறையையும், அவன் களைப்பறிந்து மத்தளம் இசைந்து கொடுக்கும் நுட்பத்தையும் காக்கமாட்டாது.

கிராமம் இதனை நன்குணர்ந்திருந்தது. சட்டங்கொடுத்தல், கிழமைக்கூத்து, அடுக்குப்பார்த்தல், அரங்கேற்றம் எனப் படிப்படியாகக் கூத்துப் பழக்கப்படும். பார்த்திருக்கும் சிறுவனும் தாளக்கட்டை வாயில் ஏற்றிக்கொள்வான். அண்ணாவியார் மறையினும் ஆடியவர் ஊரில் எஞ்சுவர். பல்கலைக்கழகமோ சில ஆண்டுகளில் மாணவரை வழியனுப்பும் இடம். ஆட்டம் பழகிய கால்கள் பட்டத்தோடு நாடெங்கும் சிதறின. வித்தியானந்தனும் பேராதனையை நீங்கி, 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

சிதறியன யாவும் அழிந்தன என்றல் பொருந்தாது. பேராதனையில் மாணவராய் ஆடிய சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூலாக்கினார். வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். இராவணேசனைப் புதிய தலைமுறையைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். அண்ணாவியாரின் ஊரிலிருந்து மலைநாடு ஏறிய அறிவு, ஓர் ஆடுவோனின் உடம்பில் தங்கி அவ்வூருக்கே மீண்டது எனலாம்.

எனினும், இது ஒருவர் ஊக்கத்தால் வாய்த்த பேறேயன்றி, நிறுவனங்கள் வகுத்த ஏற்பாட்டின் விளைவன்று. பல நிறுவனங்கள் கூடி ஒரு கலையை எடுக்குங்கால், அரங்கேற்ற நாளோடு தம் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. மூத்தோர் இளையோர்க்குப் பழக்கும் முறையையும், அண்ணாவியாரை ஆசிரியராக மதித்து இருத்தும் நெறியையும் தொடக்கத்திலேயே வகுத்தல் வேண்டும். ஏட்டைக் காத்தல் எளிது. ஆட்டத்தைக் காக்க ஆடுவோரையே காத்தல் வேண்டும்.